எட்டுக் கண்ணும் ஒண்ணு இல்ல: சிலந்திக்குக் கண் எப்படி உருவாகுது?

(பேச்சில் வந்த திணறல்களையும் திரும்பச் சொன்னவற்றையும் நீக்கி, கொஞ்சம் சீர்படுத்திய எழுத்து வடிவம்.)

போன மாசம் பேரணாம்பட்டிலேருந்து ஒரு பள்ளி மாணவி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. "அண்ணா, எட்டுக்கால் பூச்சிக்கு எட்டுக் கண்ணுன்னு சொல்றாங்களே, அதுக்கு எட்டுப் படம் தெரியுமா, இல்ல ஒரு படம்தான் தெரியுமா?" அவ்வளவுதான், பத்து செகண்ட் மெசேஜ். பதில் தேடப் போய் எனக்கு மூணு வாரம் ஓடிப்போச்சு. ஏன்னா இந்தக் கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி ஒளிஞ்சிருக்கு. அந்த எட்டும் ஒரே வகைக் கண்ணா? இல்லை. அந்த 'இல்லை'க்குப் பின்னாடி 40 கோடி வருஷத்துக்கும் மேலான கதை ஒண்ணு இருக்கு. இன்னைக்கு எபிசோட் அதுதான்.

முதல்ல ஒரு சிலந்தியை மனசுல வெச்சுக்கலாம். வலை கட்டுறது வேண்டாம். பகல்ல வீட்டுச் சுவத்துல, ஜன்னல் ஓரத்துல, அரை விரல் நகம் அளவுல ஒண்ணு நின்னு நின்னு நடக்கும், திடீர்னு குதிக்கும். நாம கிட்டப் போனா ஓடாம திரும்பி நம்மளையே பார்க்கும். அதுதான் குதிக்கும் சிலந்தி. ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்னு எந்த ஊர் வீட்டுலயும் இருக்கும். ஒட்டடை அடிக்கும்போது இதையும் சேர்த்து அடிக்காதீங்க, இது ஒட்டடை கட்டுற ஆள் இல்லை.

அதோட முகத்தைப் போன் கேமராவுல பெருசு பண்ணிப் பாருங்க. நடுவுல ரெண்டு பெரிய கண், கார் ஹெட்லைட் மாதிரி. அதுக்குப் பக்கத்துல ரெண்டு சின்னது. தலைக்கு மேல, பின்பக்கமா இன்னும் நாலு. மொத்தம் நாலு ஜோடி. பெரும்பாலான சிலந்திகளுக்கு இந்த நாலு ஜோடிக் கணக்குதான், அளவும் இருக்கிற இடமும் மட்டும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஓநாய்ச் சிலந்திக்குப் பின்வரிசைக் கண்கள் பெருசு. வட்ட வலை கட்டுற சிலந்திகளுக்கு எட்டுமே கடுகு மாதிரி, ஏன்னா அதுங்களுக்கு வலையோட அதிர்வுதான் கண்ணும் காதும்.

இந்த நாலு ஜோடியில, முன்னாடி நடுவுல இருக்கிற ஒரு ஜோடி தனி வகை. இதுக்கு முதன்மைக் கண்கள்னு பேர். மத்த மூணு ஜோடியும் துணைக் கண்கள். பேரை வெச்சு ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னு நினைச்சுடாதீங்க. வித்தியாசம் உள்ள இருக்கு.

கண்ணோட அடித்தளத்துல ஒளியை உணர்ற செல்கள் வரிசையா இருக்கும், அதுதான் விழித்திரை. முதன்மைக் கண்ல அந்த செல்களோட ஒளி உணர்ற முனை லென்ஸைப் பார்த்தபடி இருக்கு. வயர் பின்பக்கமா போகுது. ஒரு இன்ஜினியரை வரையச் சொன்னா இப்படித்தான் வரைவார். துணைக் கண்ல அது தலைகீழ். ஒளி உணர்ற முனை லென்ஸுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு இருக்கு. நம்ம மனுஷக் கண்ணும் தலைகீழ் வகைதான், அதை வெச்சு "என்ன டிசைன் இது"ன்னு கிண்டல் பண்ற வீடியோக்கள் நிறைய பார்த்திருப்பீங்க. சிலந்தியில வேடிக்கை என்னன்னா, ரெண்டு டிசைனும் ஒரே தலையில, ஒரு மில்லிமீட்டர் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கு.

இன்னும் ரெண்டு வித்தியாசம் இருக்கு. முதன்மைக் கண்ணோட விழித்திரையை அசைக்கத் தசைகள் உண்டு. துணைக் கண்ணுக்கு அது கிடையாது. அதுக்குப் பதிலா, பல சிலந்திகளோட துணைக் கண்ல விழித்திரைக்குப் பின்னாடி ஒரு கண்ணாடிப் படலம் இருக்கும். ராத்திரி ரோட்டுல லாரி வெளிச்சம் பட்டதும் பூனைக்கண்ணு மின்னுதே, அதே வேலையைச் செய்ற படலம். முதன்மைக் கண்ல அது இருக்காது.

இவ்வளவு வித்தியாசம் இருந்தா, ரெண்டும் ஒரே கண்ணோட நகல்னு சொல்ல முடியாது. அப்படின்னா ரெண்டுக்கும் வேற வேற பூர்வீகம் இருக்கணும். அந்தப் பூர்வீகத்தைப் பார்க்க ஒடிசாவுல பாலேஸ்வர் கடற்கரைக்குப் போகலாம். அங்க குதிரைலாட நண்டு வாழுது. பேர்ல நண்டுன்னு இருந்தாலும் அது நண்டு இல்லை, சிலந்திக்கும் தேளுக்கும் தூரத்துச் சொந்தம். ஓட்டு மேல ரெண்டு பக்கமும் பெரிய கூட்டுக் கண், ஈக்கு இருக்கிற மாதிரி. நடுவுல, முன்பக்கமா ரெண்டு சின்னப் புள்ளிக் கண். பழைய ஏற்பாடு இதுதான்: நடுவுல ஒரு ஜோடி எளிய கண், பக்கவாட்டுல ஒரு ஜோடி கூட்டுக் கண்.

இந்தக் கூட்டுக் கண்ணுக்கு ஒரு நோபல் கதையும் உண்டு. அட்லாண்டிக் கரையில இருக்கிற குதிரைலாட நண்டோட பக்கக் கண்ணை வெச்சு ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் பல வருஷம் சோதனை பண்ணினார். ஒரு கண்ணறை வெளிச்சத்தைப் பார்த்ததும் பக்கத்துக் கண்ணறைகளோட சத்தத்தைக் குறைச்சுடும்னு கண்டுபிடிச்சார். அதனால பொருளோட ஓரம் மட்டும் தூக்கலா தெரியும். 1967-ல நோபல் பரிசு. இமேஜ் ப்ராசஸிங்ல எட்ஜ் டிடெக்‌ஷன் எழுதினவங்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதையா இருக்கும்.

சரி, சிலந்திக்கு வருவோம். நடுவுல இருந்த புள்ளிக் கண்தான் சிலந்தியோட முதன்மைக் கண்ணா ஆச்சு. பக்கத்துல இருந்த கூட்டுக் கண் சிதறி, பல சின்ன அறைகள் ஒண்ணா சேர்ந்து, ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு லென்ஸ்னு மூணு ஜோடி துணைக் கண்ணா ஆச்சு. ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் ஏத்துக்கிற விளக்கம் இது. நடுவழியில எப்படி இருந்திருக்கும்னு கேட்டா, அதுக்கும் ஒரு சாட்சி உண்டு. ஸ்காட்லாந்துல ரைனி செர்ட்னு ஒரு பாறை, சுமார் 41 கோடி வருஷப் பழசு. அதுல பேலியோகாரினஸ்னு சிலந்தி மாதிரி ஒரு பிராணி, கண்ணு உட்பட அப்படியே கல்லாகியிருக்கு. அதோட பக்கக் கண் ஒரு மேடு மாதிரி, அதுமேல பல சின்ன லென்ஸ்கள். முழுக் கூட்டுக் கண்ணும் இல்லை, இன்னைக்குச் சிலந்திக் கண்ணும் இல்லை. பாதி பிரிச்ச வீடு மாதிரி நிக்குது.

இன்னும் கிட்டத்துலயே ஒரு சாட்சி வேணும்னா நம்ம ஊர்த் தேளைப் பாருங்க. வேலூர்க் கல்லு மலைகள்ல தேளுக்கு என்ன குறைச்சல்? நட்டுவாக்காலியோட முதுகு ஓட்டுல நடுவுல ரெண்டு கண் இருக்கும், முன் ஓரத்துல ரெண்டு பக்கமும் சின்னச் சின்னதா சில கண்கள். அதுவும் அதே பழைய ஏற்பாடுதான், தேள் குடும்பம் அதை வேற விதமா பிரிச்சுக்கிட்டுது. தயவுசெஞ்சு குச்சியால தொட்டுப் பார்க்காம, தூரத்துல இருந்து ஜூம் பண்ணிப் பாருங்க.

இதுவரை சொன்னது உடம்பை வெச்சு ஊகிச்சது. இனி கருவுக்குள்ள போறோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது, கொஞ்சம் நீளமா போனாலும் பொறுத்துக்கோங்க.

கண் ஆராய்ச்சியில ஒரு பிரபலமான கதை இருக்கு. பழ ஈயில 'ஐலெஸ்'னு ஒரு ஜீன். அது கெட்டுப்போனா ஈக்குக் கண் வராது, அதனால அந்தப் பேர். 1995-ல வால்டர் கெரிங் குழுவினர் அந்த ஜீனை ஈயோட கால்லயும் இறக்கையிலயும் முடுக்கிவிட்டாங்க. அங்கெல்லாம் கண் முளைச்சுது! எலியோட அதே ஜீனை ஈக்குள்ள போட்டப்பவும் முளைச்சுது, எலிக் கண் இல்லை, ஈக் கண். எலியிலும் நம்மகிட்டயும் அதுக்கு பாக்ஸ்6னு பேர். உடனே "எல்லாக் கண்ணுக்கும் ஒரே தலைமை ஜீன்"ங்கிற தலைப்பு உலகம் பூரா ஓடுச்சு. இன்னைக்கும் ஓடுது.

2015-ல சிலந்திக் கருவை வெச்சு ரெண்டு ஆய்வுகள் வந்துச்சு. ஒண்ணு பாராஸ்டியடோடா டெப்பிடேரியோரம்ங்கிற சாதாரண வீட்டுச் சிலந்தி, இன்னொண்ணு குப்பியேனியஸ் சலேங்கிற அமெரிக்கக் காட்டுச் சிலந்தி. சிலந்தி முட்டைக்குள்ள கரு வளரும்போது, தலையோட மேல்தோல்ல சில இடங்கள் தடிச்சு, உள்ள மடிஞ்சு கண் மொட்டா மாறும். அந்த மொட்டுகள்ல எந்தெந்த ஜீன் வேலை செய்யுதுன்னு சாயம் போட்டுப் பார்த்தாங்க. 'சைன் ஆக்குலிஸ்', அதாவது 'கண் இல்லாமல்'னு அர்த்தம் வர்ற ஜீன், எல்லா ஜோடியிலயும் இருந்துச்சு. சரி. ஆனா தலைமை ஜீன்னு சொல்றோமே பாக்ஸ்6, அது சிலந்திகிட்ட இருக்கு, ஆனா கண் மொட்டு உருவாகுற அந்தக் கட்டத்துல, அந்த இடத்துல தெளிவா தென்படலை. தலைவர் வராமலே கூட்டம் நடந்து முடிஞ்ச மாதிரி!

அதுக்கு முந்தின கட்டத்துல, தலை உருவாகும்போதே பாக்ஸ்6 தன் வேலையை முடிச்சிருக்கலாம்னு சொல்றவங்களும் உண்டு. அது நியாயமான வாதம்தான். ஆனா "ஒரே ஜீன், எல்லாக் கண்ணும் அதோட பிள்ளைகள்"ங்கிற அந்த எளிமையான கதையை அப்படியே சொல்லிக்கிட்டுப் போக முடியாதுன்னு நான் நினைக்கிறேன். ஒரு வேலைக்குப் பல ஜீன்கள் கூட்டணியா நிக்குது. எந்தப் பிராணி எந்த உறுப்பினரை எப்போ கூப்பிடுதுங்கிறது மாறிக்கிட்டே இருக்கு.

அடுத்த விஷயம்தான் நம்ம மாணவியோட கேள்விக்கு நேரடியா உதவுறது. 'டேக்‌ஷண்ட்'னு ஒரு ஜீன். குட்டைக் கால் நாய் இனத்தோட பேர். இது கெட்டுப்போன ஈக்குக் கால் குட்டையாயிடும், கண்ணும் சரியா வராது. வீட்டுச் சிலந்திக் கருவுல இந்த ஜீன் துணைக் கண் மொட்டுகள்ல இருந்துச்சு. முதன்மைக் கண் மொட்டுல இல்லை. அதாவது, உடம்பைப் பார்த்து நாம பிரிச்ச அதே கோட்டை ஜீன்களும் பிரிக்குது. ஈயோட கூட்டுக் கண்ணுக்கு வேணுங்கிற ஜீன், சிலந்தியோட துணைக் கண்ல மட்டும் வேலை செய்யுது. கூட்டுக் கண் உடைஞ்சு வந்ததுதான் துணைக் கண்கள்ங்கிற பழைய ஊகத்துக்கு இது நல்ல பலம்.

2020-ல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல பிரசாந்த் சர்மாவோட ஆய்வகத்துலேருந்து கில்ஹெர்மே கைனெட் முதலானோர் ஒரு படி மேல போனாங்க. தாய்ச் சிலந்திக்கு ஒரு ஊசி போட்டு, பிள்ளைகள்ல சைன் ஆக்குலிஸ் ஜீனோட ஒரு நகலை மட்டும் அமைதியாக்கினாங்க. கண்கள் குறைபட்டுப் பொறந்துச்சு, நடுக் கண், பக்கக் கண் ரெண்டுமே. அதுவரைக்கும் 'அந்த இடத்துல அந்த ஜீன் இருந்துச்சு'ன்னு மட்டும்தான் தெரியும். இதுக்கு அப்புறம்தான் 'அது இல்லைன்னா கண் சரியா வராது'ன்னு சொல்ல முடிஞ்சுது. லாக் ஃபைல்ல ஒரு பேரைப் பார்க்கிறதுக்கும், அந்த சர்வீஸை நிறுத்திட்டு என்ன உடையுதுன்னு பார்க்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்.

'ஒரு நகலை'ன்னு சொன்னேன் இல்லீங்களா, ஏன் நகல்? சிலந்திக்கும் தேளுக்கும் பொதுவான ஒரு முன்னோர்ல, 40 கோடி வருஷத்துக்கு முன்னாடியே மொத்த ஜீன் தொகுப்பும் இரட்டிச்சுடுச்சு. 2017-ல வீட்டுச் சிலந்தியோட ஜீனோமைப் படிச்சப்போ இது உறுதியாச்சு. அதனால பல கண் ஜீன்களுக்கு ரெண்டு காப்பி இருக்கு. எங்க தொழில்ல ஒரு புராஜெக்டை ஃபோர்க் பண்ற மாதிரி. ஒரு காப்பி பழைய வேலையைப் பார்த்துக்கும்போது இன்னொண்ணை மாத்திப் பார்க்கலாம், எதுவும் நிக்காது. சிலந்திக் கண்கள் இவ்வளவு விதவிதமா ஆனதுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க. இருக்கலாம், அவ்வளவுதான்.

இப்போ குதிக்கும் சிலந்தியோட அந்த ஹெட்லைட் கண்ணுக்குத் திரும்பலாம். வெளியே தெரியிறது லென்ஸ் மட்டும்தான். அது ஓட்டோட ஒட்டினது, அசையாது. உள்ள ஒரு நீளமான குழாய், அதோட கடைசியில விழித்திரை. டெலஸ்கோப் மாதிரி. அந்தக் குழாயை ஆறு தசைகள் இழுத்துத் திருப்பும். நாம கண்ணை உருட்டுறோம், அது கண்ணுக்குள்ள குழாயை உருட்டுது. 1969-ல மைக்கேல் லேண்ட் இதை நேரடியா பார்த்து விவரிச்சார். வெளிர் நிறச் சிலந்தியா இருந்தா, கண்ணு கருப்பிலேருந்து தேன் நிறத்துக்கு மாறி மாறித் தெரியும். அது உள்ள குழாய் அசையறதுதான்.

ஏன் அசைக்கணும்? ஒரு நேரத்துல அது கூர்மையா பார்க்கிற பரப்பு ரொம்பக் குறுகல், சில டிகிரிதான். டேனரியில தோல் செலக்‌ஷன் பார்க்கிறவங்களைக் கவனிச்சிருக்கீங்களா? பதனிட்ட தோலை மேஜையில விரிச்சதும் முழுசா ஒரே பார்வையில முடிவு பண்ண மாட்டாங்க. கழுத்துப் பக்கம், முதுகு, வயித்துப் பக்கம்னு கண்ணு ஒரு பாதையில போகும். உண்ணி கடிச்ச தழும்பு, முள்ளு கீறினது, கத்தி பட்ட இடம்னு நின்னு நின்னு போகும். குதிக்கும் சிலந்தி ஒரு ஈயைப் பார்க்கிறதும் அப்படித்தான். காலு எங்க, இறக்கை எங்கன்னு அந்தக் குறுகலான விழித்திரையால வருடி வருடிப் பார்க்கும்.

அப்போ எங்க பார்க்கணும்னு யார் சொல்றது? துணைக் கண்கள். அதுங்களுக்குத் தசை இல்லை, ஆனா எல்லாம் சேர்ந்தா கிட்டத்தட்ட சுத்திலும் பார்க்கும். எங்கேயாவது ஏதாவது அசைஞ்சா முதன்மைக் கண்ணை அந்தப் பக்கம் திருப்பும். 2018-ல எலிசபெத் ஜேக்கப் குழுவினர் சிலந்திக்குன்னே ஒரு ஐ-டிராக்கர் செஞ்சு இதைக் காட்டினாங்க. முன்பக்கத் துணைக் கண்ணை மூடிட்டா, அசையிற பொருளை முதன்மைக் கண்ணால பின்தொடர முடியலை. பேரணாம்பட்டு தங்கச்சிக்கு இதுதான் பதில்: எட்டுப் படமும் இல்லை, ஒரு படமும் இல்லை. ஆறு கண் காவலாளி, ரெண்டு கண் விசாரணை அதிகாரி. மூளைக்குள்ளயும் ரெண்டு வகைக்கும் தனித்தனிப் பாதை, அதுக்கப்புறம்தான் தகவல் ஒண்ணு சேருது.

தூரத்தை எப்படிக் கணக்குப் போடுதுங்கிறது இன்னொரு அழகான விஷயம். குதிக்கிற ஆளுக்குத் தூரம் தப்பக் கூடாது. முதன்மைக் கண்ணோட விழித்திரை நாலு அடுக்கு. அடியில இருக்கிற ரெண்டும் பச்சை ஒளியை உணரும். அதுல ஒண்ணுல படம் தெளிவா விழும், இன்னொண்ணுல கலங்கலா விழும். எவ்வளவு கலங்கல்னு பார்த்துத் தூரத்தைக் கணிக்குது. 2012-ல ஜப்பான் ஆய்வாளர்கள் ஹசாரியஸ் ஆடன்சோனிங்கிற சிலந்தியை வெச்சு நிரூபிச்சாங்க. நம்ம ஊர் உட்பட உலகத்தோட வெப்பப் பகுதிகள்ல எல்லாம் வீடுகள்ல திரியிற இனம் அது. பச்சை வெளிச்சத்துல சரியா குதிச்சுது, சிவப்பு வெளிச்சத்துல இரையை எட்டாம முன்னாடியே விழுந்துச்சு. 2019-ல ஹார்வர்டுல இதே யோசனையை வெச்சு ஒரு குட்டி டெப்த் சென்சாரே செஞ்சிட்டாங்க.

கூர்மை எவ்வளவு? போர்ஷியான்னு ஒரு குதிக்கும் சிலந்திப் பேரினம், அதுல ஒரு வகை இலங்கையிலயும் உண்டு. ஒரு சென்டிமீட்டர் உடம்பு. பார்வைக் கூர்மை 0.04 டிகிரி வரைக்கும் அளந்திருக்காங்க. நம்ம கண்ணைவிட ஆறேழு மடங்குதான் குறைவு, தும்பியைவிடப் பல மடங்கு அதிகம்.

வளர்ச்சிக் கதையில எனக்கு நம்பவே முடியாத இடம் ஒண்ணு இருக்கு. முட்டையிலேருந்து வந்த குட்டிச் சிலந்தி ரவை அளவு. ஆனா பெருசோட அதே வேட்டையை அதுவும் உடனே ஆடணும். 2019-ல சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு ஃபிடிப்பஸ் ஆடாக்ஸ் சிலந்தியில எண்ணிப் பார்த்துச்சு. குட்டிக்கும் பெருசுக்கும் ஒளி உணர்ற செல்களோட எண்ணிக்கை ஒண்ணுதான். பொறக்கும்போதே முழுச் சரக்கும் நெருக்கியடிச்சு உள்ள இருக்கு. வளர வளர செல் பெருசாகும், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவை சட்டை உரிக்கும்போதும் லென்ஸோட மேல்மூடியும் சேர்ந்து கழண்டு வரும். சுவத்துல ஒட்டியிருக்கிற காலிச் சட்டையை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, எட்டுக் கண்ணாடிச் சில்லு தெரியும்.

எண்ணிக்கை கூடாதுன்னா இன்னொரு அர்த்தமும் இருக்கு. போனா போனதுதான்.

இங்க நான் எங்க ஆயாவைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். ஆயா முப்பது வருஷத்துக்கு மேல வீட்டுல உட்கார்ந்து ஷூ அப்பர் தைச்சவங்க. மூட்டையா வரும், ரெண்டு ஊசி, மெழுகு தடவின நூல், ஒவ்வொரு ஓட்டையா கோத்து இழுக்கணும். எங்க அம்மாவைப் படிக்க வெச்சது அந்த ஊசிதான். மூணு வருஷம் முன்னாடி ஒரு நாள், "ஜன்னல் கம்பிய யாருடா வளைச்சது?"ன்னு கேட்டாங்க. கம்பி நேராத்தான் இருந்துச்சு. வேலூர்ல கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனோம். கட்டம் போட்ட தாள் ஒண்ணைக் காட்டி, நடுப் புள்ளியைப் பார்க்கச் சொன்னார். நடுவுல கோடெல்லாம் நெளியுது, ஒரு இடத்துல அழிஞ்சே போயிருக்குன்னாங்க ஆயா. வயசானவங்களுக்கு வர்ற மாக்குலா தேய்மானம், உலர் வகை. விழித்திரையோட நடுவுல, ரொம்பக் கூர்மையா பார்க்கிற இடத்துல இருக்கிற செல்கள் சாகிறது. மாத்திரையும் கீரையும் வேகத்தைக் குறைக்கலாம், போனதைக் கொண்டுவராதுன்னு டாக்டர் தெளிவா சொல்லிட்டார். இப்போ ஆயா வீட்டுக்குள்ள எதுலயும் இடிச்சுக்காம நடப்பாங்க, அடுப்பு வரைக்கும் பார்த்துப்பாங்க. ஆனா எதிர்ல நிக்கிற என் முகம் தெரியாது. குரலைக் கேட்டு "நீயா கண்ணு"ம்பாங்க.

காவலாளிக் கண்கள் எல்லாம் இருக்கு, விசாரணை அதிகாரி போயிட்டார். நமக்கு ரெண்டு வேலையும் ஒரே கண்ணுக்குள்ள, நடுவும் ஓரமுமா இருக்கு. சிலந்திக்குத் தனித்தனிக் கண்.

2023-ல அதே சின்சினாட்டியிலேருந்து, எல்கே புஷ்பெக் ஆய்வகத்துல மிரண்டா பிராஃபோர்ட் முதலானோர் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஃபிடிப்பஸ் ஆடாக்ஸ் சிலந்திகளைக் குறைவான தீனி கொடுத்து வளர்த்து, அதுக்குன்னே செஞ்ச கருவியால உயிரோட இருக்கும்போதே கண்ணுக்குள்ள பார்த்தாங்க. பட்டினியா வளர்ந்ததுங்க முதன்மைக் கண்ல ஒளி உணர்ற செல்களை இழந்திருந்துச்சு. எந்த இடத்துல தெரியுமா? செல்கள் ரொம்ப நெருக்கமா இருக்கிற இடத்துல, அதாவது கூர்மைக்குக் காரணமான அதே இடத்துல. ஒளி உணர்ற செல் நிறைய சக்தி தின்னும், நெருக்கமா இருந்தா இன்னும் கஷ்டம். சக்தி பத்தாதப்போ முதல்ல சாகிறது அந்த நெருக்கடியான மூலைதான்னு அவங்க விளக்கம்.

இதைக் கேட்டுட்டு "சிலந்தி ஆராய்ச்சியால மாக்குலாவுக்கு மருந்து"ன்னு யாரும் ஃபார்வர்ட் போட்டுடாதீங்க. சிலந்தி விழித்திரையும் நம்ம விழித்திரையும் வேற. நம்ம நோய்ல வயசு, பரம்பரை, புகைபிடிக்கிறதுன்னு பல காரணங்கள் இருக்கு. ஆனா கூர்மையான பார்வைக்குன்னு செல்களை ஒரே இடத்துல நெருக்கி வெச்சா அந்த இடம் பலவீனமாகுமாங்கிற கேள்வியை, ஒரு வருஷம் மட்டும் வாழ்ற, கண்ணு வெளியே தெரியிற பிராணியில சோதிக்கலாம். மனுஷர்ல அதுக்குப் பல பத்து வருஷம் ஆகும். "எட்டுக்கால் பூச்சிக் கண்ணைப் படிச்சு என்னப்பா ஆகப்போகுது"ன்னு ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார். நான் இதைத்தான் சொன்னேன்.

கண்ணை வளர்த்தது மாதிரி, சிலந்திகள் கண்ணைக் கைவிட்டதும் உண்டு. ஆறு கண் சிலந்திக் குடும்பங்கள் நிறைய இருக்கு, பல குடும்பங்கள்ல காணாம போனது முதன்மைக் கண் ஜோடிதான். இலங்கையிலேருந்து கிடைச்ச ஒரு குட்டிச் சிலந்தியை 1873-ல பிக்கார்ட் கேம்பிரிட்ஜ் விவரிச்சார். அதுக்கு நாலே கண். பேரே டெட்ராபிளெம்மா, நாலு பார்வைன்னு அர்த்தம். சருகுக்கடியில வாழ்ற ஆளுக்கு எட்டு எதுக்கு? லாவோஸ் குகையில 2012-ல விவரிச்ச சினோபோடா ஸ்குரியனுக்குக் கண்ணே கிடையாது. அதோட சொந்தக்காரங்க எல்லாம் நம்ம வீட்டுச் சுவத்துல ராத்திரி நிக்கிற பெரிய தட்டைச் சிலந்தி வகையறா, எட்டுக் கண்ணும் உள்ளவங்க. கண்ணைப் பராமரிக்கிறது செலவு. இருட்டுல அந்தச் செலவுக்கு வரவு இல்லை.

எதிர்த் துருவத்துல டைனோபிஸ். வலையைக் கையில பிடிச்சு இரை மேல வீசுற சிலந்தி. அதோட பின்வரிசை நடுக் கண்கள் பூதாகாரம். தினமும் சாயங்காலம் ஒளி உணர்ற சவ்வைப் புதுசா கட்டும், விடிஞ்சதும் பெரும்பகுதியைக் கலைச்சுடும். 1978-ல பிளெஸ்ட் எழுதினது. இங்க கவனிங்க, குதிக்கும் சிலந்தி முதன்மைக் கண்ணைப் பெருசாக்குச்சு, இது துணைக் கண்ணைப் பெருசாக்குச்சு. பழைய கையிருப்பு ஒண்ணுதான், முதலீடு வேற வேற.

அந்தக் கண்ணாடிப் படலம் சொன்னேனே, அதுக்கும் புதைபடிவச் சாட்சி உண்டு. தென் கொரியாவுல ஜின்ஜுங்கிற இடத்துல 11 கோடி வருஷப் பழைய பாறையில ஒரு சிலந்தி, கொரியாமெகாப்ஸ்னு 2019-ல பேர் வெச்சாங்க. கல்லுல பதிஞ்சும் அதோட கண்ணு இன்னும் வெளிச்சத்துல பளபளக்குது. டைனோசர் காலத்துலயே ராத்திரி வேட்டை நடந்திருக்கு.

அதே பளபளப்பை இன்னைக்கு ராத்திரியே நீங்க பார்க்கலாம். மழை பெய்ஞ்சு புல்லு முளைச்ச எந்த வெறும் இடமும் போதும், பாலாத்தங்கரை, ஏரிக்கரை, நெல் வயல் வரப்பு. ஷூ போட்டுக்கோங்க, விரியன் நடமாட்டம் இருக்கும், தனியா போக வேண்டாம். டார்ச்சைக் கீழ பிடிக்காதீங்க, நெத்திப்பொட்டு பக்கத்துல, கண்ணோட ஒட்டிப் பிடிக்கணும். படலம் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புது, அதனால உங்க கண்ணு வெளிச்சம் வர்ற பாதையில இருந்தாத்தான் தெரியும். பத்துப் பதினஞ்சு அடி தள்ளித் தரையில, பச்சையும் நீலமும் கலந்த சின்னப் புள்ளி மின்னும். முதல்ல பனித்துளின்னுதான் நினைப்பீங்க. பனித்துளி நடக்க நடக்க மின்னி மறையும், இது அப்படியே நிக்கும். அதை நோக்கி நேரா நடங்க, வெளிச்சத்தை எடுக்காதீங்க. கிட்டப் போனா ஓநாய்ச் சிலந்தி. சில சமயம் முதுகு முழுக்கக் குட்டிகளைச் சுமந்துக்கிட்டு ஒரு தாய் உட்கார்ந்திருக்கும். டார்ச்சைக் கொஞ்சம் அணைச்சுட்டுத் திரும்பப் போட்டா, அதே இடத்துல, அதே நிறத்துல.